வேம்பூர் ஆடுகளும் மேகலாவின் எஞ்சினும்

ஜனவரி 3

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குடற்புழு மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. போன வருடத்து டைரி பீரோவின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் பேச ஆளில்லாததால் அல்ல. சும்மாதான்.

நான் இசக்கிராஜன். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே நல்லாங்குளத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர். மனைவி மேகலா, ஈரோட்டுக்காரி. எனக்கு நாற்பது, அவளுக்கு முப்பத்தேழு. இரண்டு வீட்டிலும் நம்பிக்கை போன பிறகு நடந்த கல்யாணம். எட்டு மாதம் ஆகிறது. ஊருக்கு வெளியே வேலிக்கருவைக் காட்டுக்குள் ஒரு தனியார் கம்பெனி ராக்கெட் எஞ்சின் சோதனைக்கூடம் போட்டிருக்கிறது. அங்கேதான் அவளுக்கு வேலை. காலை ஏழு மணிக்கு ஜீப் வரும். திரும்பும் நேரம் அவளுக்கே தெரியாது.

இன்று மூன்று கன்றுகளுக்குத் தடுப்பூசி. ஒரு சேவலுக்குக் கண் நோய்.

ஜனவரி 6

மாட்டுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர், "ஒங்க வீட்டம்மா ராக்கெட்டு எஞ்சினு செய்யாங்களாமே, அது எப்படி ஓடுது?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையே என்றிருந்தது. சாயங்காலம் அவளிடமே கேட்டேன்.

"நெருப்பு தரையை எத்தித்தானே மேல போகுது?"

"எல்லாரும் அப்படித்தானுங்க நெனைக்கறாங்க" என்றாள். "தரையே வேண்டாம். படகுல நின்னுக்கிட்டு ஒரு மூட்டையப் பின்னால வீசுனா படகு முன்னால நகருமில்ல, அதுதான். நாங்க வீசறது மூட்டையில்ல, எரிஞ்ச வாயு. ரொம்ப வேகமா வீசறோம். அவ்வளவுதான்."

அப்படியானால் விமானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். விமானம் காற்றை உள்ளே இழுத்து எரிக்கும். மேலே போகப் போகக் காற்றே கிடையாது. அதனால் ராக்கெட் எரிபொருளோடு ஆக்சிஜனையும் தானே சுமந்துகொண்டு போகிறது என்றாள். அந்த ஆக்சிஜனை வாயுவாக வைத்தால் இடம் போதாது. அதனால் கடுங்குளிரில் திரவமாக்கி வைப்பார்களாம். இவர்கள் எஞ்சினில் திரவ ஆக்சிஜனோடு எரிவது மண்ணெண்ணெய்.

"மண்ணெண்ணெயா?"

"ரேஷன் கடையில தர்றது இல்லீங்க" என்று சிரித்தாள். "நல்லா சுத்தம் பண்ணது."

அவள் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. உடற்கூறியல் படித்தவன் என்பதால் குறித்துவைக்கிறேன்.

ஜனவரி 11

இன்று அவளுக்கு அரை நாள் ஓய்வு. நான் செய்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். அவள் தயிரைச் சேர்த்துக்கொண்டாள்.

எஞ்சினுக்குள் மூவாயிரம் டிகிரிக்கு மேல் சூடாம். சுவரில் உள்ள உலோகம் அதில் பாதிச் சூட்டிலேயே உருகிவிடும். பிறகு எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அந்தச் சுவருக்குள்ளேயே மெல்லிய வாய்க்கால்கள் நிறைய ஓடுகின்றன. மண்ணெண்ணெய் நேராக அடுப்புக்குப் போவதில்லை. முதலில் அந்த வாய்க்கால்களில் ஓடிச் சுவரின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, பிறகுதான் உள்ளே போய் எரிகிறது. எரியப்போவதே குளிர்விக்கவும் செய்கிறது.

"இது ஆட்டுத் தலைக்குள்ள இருக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆடு வெயிலில் ஓடினால் உடம்பெல்லாம் சூடேறும். மூளை மட்டும் அவ்வளவு சூடேறாது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் மண்டைக்கு அடியில் வலை மாதிரிப் பிரிகிறது. மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் அந்த வலையைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. சொல்லி முடிப்பதற்குள் அவள் கையைக்கூடக் கழுவாமல் நாளிதழை இழுத்து என் முன்னால் போட்டாள். "படம் போடுங்க."

போட்டேன். ஆட்டுத்தலை கொஞ்சம் நாய்த்தலை மாதிரி வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். திங்கள்கிழமை ஆபீசில் எல்லோருக்கும் காட்டப்போகிறாளாம். பின்பக்கத்தில் இருந்த என் ராசிபலனை நான் இன்னும் படிக்கவில்லை.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். பொங்கலை அளவுக்கு மீறித் தின்று வயிறு உப்பிய மாடுகள் ஐந்து. எனக்கும் லீவு இல்லை, அவளுக்கும் இல்லை.

ஜனவரி 22

இன்று எஞ்சினுக்கு முதல் சோதனை. எஞ்சினை இரும்புத் தாங்கியில் அசையாமல் பூட்டிவிட்டு எரிப்பார்கள். அது ஓடப் பார்க்கும், தாங்கி விடாது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று அளப்பார்கள். இருபது நொடி எரிய வேண்டும் என்று காலையில் சொன்னாள். சாப்பிடாமல் போனாள்.

சாயங்காலம் நான் பலவேசம் கோனாருடைய பட்டியில் இருந்தேன். வேம்பூர் ஆடுகள், வெள்ளை உடம்பில் செம்புள்ளி போட்ட பொட்டாடுகள். பாதி சினை. மேய்ந்து திரும்பிய ஆடுகளை அவர் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கிழக்கே உறுமல் கேட்டது. ஜல்லி லாரி கொட்டுவதைப் போலத்தான் தொடங்கியது. அடுத்த நொடி அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கிளம்பியது. இரும்பை இரும்பால் அறுக்கிற மாதிரி ஒரு கிறீச்சல். எனக்கே பல் கூசியது. மனிதக் காதுக்கு எட்டாத உச்சஸ்தாயியும் ஆட்டுக்குக் கேட்கும். மந்தை அப்படியே முள்வேலியை உடைத்துக்கொண்டு ஓடியது.

இரண்டு ஆடுகள் பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டன. கயிறு கட்டி இறங்கித் தூக்கினோம். ஒன்று செத்திருந்தது. இன்னொன்றுக்கு முன்னங்கால் முறிவு. மூங்கில் வைத்துக் கட்டினேன்.

கிணற்றிலிருந்து ஏறிய பிறகுதான் கிழக்கே பார்த்தேன். கருவைக் காட்டுக்கு மேலே கறுப்புப் புகை நின்றது. போன் அடித்தேன், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். நான் பயப்படவில்லை. பைக் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை கீழே போட்டேன்.

கம்பெனி வாசலில் காவலாளி உள்ளே கேட்டுச் சொன்னார்: யாருக்கும் ஒன்றுமில்லை, அம்மா வேலையாக இருக்கிறார். திரும்பி வந்தேன். வழியில் பைக்கை நிறுத்தி ஒரு சோடா குடித்தேன்.

ஜனவரி 23

காலையில் வந்தாள். எரியும்போது எல்லோரும் தூரத்தில் ஒரு காங்கிரீட் அறைக்குள்தான் இருப்பார்களாம், அருகில் யாரும் நிற்பதில்லையாம். இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

மூன்று நொடியில் எஞ்சின் போய்விட்டது. மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் பூவாளி மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு தட்டு வழியாக உள்ளே பீய்ச்சப்பட்டு எரிகின்றன. எரிவது ஒரே சீராக இருக்க வேண்டும். கொஞ்சம் தடுமாறினால் உள்ளே ஓர் அழுத்த அலை கிளம்பி, சுவருக்குச் சுவர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மோதும். தீ அலையை வளர்க்கும், அலை தீயை வளர்க்கும். நேற்று கேட்ட கிறீச்சல் அதுதான். சுவரைச் சுரண்டித் தின்றுவிட்டது.

ஆடுகளைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"செத்தது சினை ஆடுங்களா?"

"ஆமா."

குளிக்கப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்கவில்லை. நான் வாசலில் நின்று, வேண்டுமென்றே சத்தமாகத் தொண்டையைச் செருமிவிட்டு மருந்தகத்துக்குக் கிளம்பினேன்.

ஜனவரி 29

பலவேசத்தின் ஆடுகளில் மூன்று, சினை கலைந்து குட்டி வீசிவிட்டன. இன்று ஊரிலிருந்து பத்துப் பேர் மருந்தகத்துக்கு வந்தார்கள். சத்தத்தால்தான் என்று நான் எழுதிக் கொடுத்தால் அதை வைத்துச் சோதனையை நிறுத்தச் சொல்வார்களாம். ஒருவர், "இவரு எப்படி எழுதுவாரு, வீட்டுல சோறு கெடைக்க வேண்டாமா" என்றார். சிலர் சிரித்தார்கள்.

பலவேசம் சிரிக்கவில்லை. "அய்யா, அது ஒங்க வீட்டம்மா பாக்குற வேலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒங்ககிட்ட வந்திருக்கேன். நீங்க என்ன எழுதுனாலும் நான் ஒத்துக்கிடுதேன்."

இதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நோய்த்தொற்றாலும் குட்டி வீசும். ரத்தமும் மற்ற மாதிரிகளும் எடுத்துத் திருநெல்வேலி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். தொற்றாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். எந்த டாக்டரும் விரும்பக் கூடாத விருப்பம்.

பிப்ரவரி 3

முடிவு வந்துவிட்டது. தொற்று எதுவும் இல்லை.

மேகலாவிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெரட்சியிலயும் ஓட்டத்துல நெரிபட்டதுலயும்தான் வீசியிருக்கு. சத்தம்தான் காரணம்னு எழுதப் போறேன்."

"உறுதியா தெரியுங்களா?"

"வேற காரணம் ஒண்ணும் கெடைக்கல. நானும் தேடிப் பாத்துட்டேன்."

என் சட்டை ஒன்றை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "அப்ப எழுதுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 4

ஊராட்சியில் சோதனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். இன்று வீட்டில் பேச்சு இல்லை. ரசம் நன்றாக வந்திருந்தது.

பிப்ரவரி 5

சாயங்காலம் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆபீசுல ஒருத்தர் கேட்டாருங்க, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக் கொஞ்சம் மாத்தி எழுத வெச்சிருக்கலாமேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சென்சார் தப்பான நம்பர் காட்டுச்சுன்னா அதைத் தூக்கிப் போடலாம். சரியான நம்பரக் காட்டுனா என்ன பண்றது, எஞ்சினத்தான் மாத்தணும். அப்படீன்னேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா ரெண்டு நாளா உங்க மேல கோவமாத்தான் இருந்தேன்" என்றாள். "அதையும் சொல்லிரணுமில்ல."

"இப்ப?"

"இப்பப் பசிக்குது."

தோசை ஊற்றினேன். ஆறு தின்றாள்.

பிப்ரவரி 8

செத்த ஆட்டுக்கும் வீசிய குட்டிகளுக்கும் பதிலாகச் சினை ஆடுகளே வாங்கித் தருவது என்று கம்பெனியில் பேசி முடிவு செய்துவிட்டாள். ஆனால் வாங்க அவளே வர வேண்டும் என்றாள். காலையில் இருவரும் எட்டயபுரம் சந்தைக்குப் போனோம். பலவேசமும் வந்தார்.

ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் தயங்கினாள். பிறகு சந்தையில் உள்ள ஆடுகளின் வாயையெல்லாம் திறந்து பார்த்துவிடுவாள் போலிருந்தது. ஒரு வியாபாரி, "யம்மா, நீங்க வாங்க வந்திருக்கியளா, வைத்தியம் பாக்க வந்திருக்கியளா?" என்று கேட்டான்.

அவள் தேர்ந்தெடுத்த நான்கில் ஒன்றைப் பலவேசம் வேண்டாம் என்று ஒதுக்கினார். மற்ற மூன்றையும் ஒத்துக்கொண்டார். நான்காவதை அவரே பிடித்தார். மேகலாவுக்கு ஒரே பெருமை. திரும்பும்போது சரக்கு ஆட்டோவில் ஆடுகளோடு பின்னால்தான் உட்காருவேன் என்றாள். நானும் பின்னால் உட்கார்ந்தேன். ஆடுகளைப் பிடிக்க ஆள் வேண்டுமே. குலுங்குகிற பாதை. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தார் ரோடு வந்த பிறகும் விடவில்லை.

பிப்ரவரி 21

புதுத் தட்டு வந்துவிட்டது. இந்தத் தட்டில் குட்டைச் சுவர்கள் மாதிரித் தடுப்புகள் எழுப்பியிருக்கிறார்கள். அழுத்த அலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட முடியாமல் இடையிலேயே உடைந்துவிடுமாம். எஞ்சினுக்கு நல்லது. கிறீச்சல் வராவிட்டால் ஆட்டுக்கும் நல்லது. இதுபோக, தீ வெளியேறும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சப் போகிறார்கள், உறுமலும் ஓரளவு அடங்கும். ஊர்ப்பக்கம் மண் கரை எழுப்புகிறார்கள்.

சாப்பிடும்போது, "இது சரியா எரிஞ்சிருச்சுன்னா எல்லாரையும் பெங்களூருக்கு மாத்திருவாங்க போலிருக்கு" என்றாள். "ராக்கெட்டோட சேக்கற வேலை அங்கதான்."

நல்ல விஷயம்தான். அவள் திறமைக்கு அங்கேதான் இருக்க வேண்டும்.

இன்று மதியம் வேலாயுதபுரத்தில் ஒரு பசுவுக்குக் கன்று திரும்பிக் கிடந்தது. முன்னங்கால் ஒன்று பின்னால் மடங்கியிருந்தது. கையை விட்டு முதலில் உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மெதுவாக நிமிர்த்தி, கயிறு போட்டு இழுத்தேன். கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளை. முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது. பால் குடித்தது. பசு நன்றாக நக்கிவிட்டது. நஞ்சுக்கொடி தானாகவே விழுந்தது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊரில் வேறு வேலை ஒன்றும் இல்லை.

மார்ச் 5

கம்பெனிக்காரர்கள் ஊராட்சியில் பேசினார்கள். பலவேசம் ஒத்துக்கொண்டால் தங்களுக்கும் சம்மதம் என்றார்கள் ஊர்க்காரர்கள். மேகலா நேராகப் பட்டிக்கே போனாள். நானும் கூடப் போனேன். கிணற்றில் விழுந்த ஆட்டின் கால் கட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது.

"அய்யா, இனிமே முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் எரிப்போம்" என்றாள். "அடைக்கிற நேரத்துல இல்ல. காலையில, ஆடு கண்மாய்க்கு அந்தாண்ட மேய்ற நேரத்துல. சத்தமும் முன்ன மாதிரி இருக்காது. ஆனா சத்தமே இருக்காதுன்னு சொல்ல மாட்டேனுங்க."

பலவேசம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "இது எரிஞ்சு என்ன ஆகப் போவுது தாயி?"

"கீழருந்து ராக்கெட்டத் தூக்கறது பெரிய எஞ்சின். இது சின்னது. மேல போனப்புறம், கடைசியா எரியும். சின்னச் சின்ன செயற்கைக்கோளு இருக்குதுங்க, அதை அதது வட்டத்துல கொண்டு போய் விடும்."

"அதுக என்ன செய்யும்?"

"சிலது மேகத்தப் படம் புடிக்கும். புயல் எங்க வருதுன்னு காட்டும். கடல்ல போறவங்களுக்கு வழி சொல்லும். பயிர் காயுதா, கண்மாயில தண்ணி இருக்குதான்னு மேலருந்தே பாக்கும்."

"மழ வரும்னு போன்ல சொல்லுதான்" என்றார் பலவேசம். "வர மாட்டேங்கே."

"அது எஞ்சின் தப்பு இல்லீங்கய்யா."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "டாக்டரய்யா அன்னைக்கு என்கூட நிக்கணும். நிப்பீகன்னா எரிச்சுக்கிடட்டும்" என்றார்.

நிற்பேன் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் மேகலா சொன்னாள், குடும்பத்தாருக்குத் தனி இடம் போட்டிருக்கிறார்களாம், என் பேரைக் கொடுத்து வைத்திருந்தாளாம். தூரத்திலிருந்து தீயைப் பார்க்கலாமாம்.

"பேரை எடுத்துரட்டுங்களா?"

"எடுத்துரு."

"சரி" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "நீங்க அங்க நிக்கறதுதான் எனக்கும் தைரியம்" என்றாள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சரியாகத்தான் கேட்டிருந்தது.

மார்ச் 14

நாளை சோதனை. இந்தத் தடவை ஐந்து நிமிடம், மேலே போனால் எவ்வளவு நேரம் எரியுமோ அவ்வளவும். திரவ ஆக்சிஜன் டேங்கர் இன்று எங்கள் தெரு வழியாகத்தான் போனது.

மேகலா இட்லியை எண்ணெயில் தோய்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாலு வருட வேலையாம் இது. எஞ்சின் சரியாக எரிய வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். பெங்களூரில் வெயில் குறைவு என்கிறார்கள்.

மார்ச் 15

காலை பத்து மணிக்கே கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டோம். நான், பலவேசம், ஆடுகள். பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. பலவேசம் மந்தைக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் பின்னால்.

முதலில் காலுக்கடியில்தான் தெரிந்தது. பிறகு சத்தம். கனமான, ஒரே சீரான சத்தம். ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. சந்தையில் வாங்கிய ஒரு ஆடு முன்னங்காலால் தரையைத் தட்டியது. பலவேசம் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் கிறீச்சலைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த உறுமலுக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டேன். இல்லை. அடுத்த நொடி வருமோ என்று கேட்டேன். இல்லை.

"எப்ப நிக்கும்?" என்று பலவேசம் கத்தினார்.

"இப்ப நிக்கக் கூடாது" என்று நானும் கத்தினேன். "எரியட்டும்."

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. மந்தையின் ஓரத்தில் நின்ற ஒரு கிழட்டு ஆடு சலித்துப்போனதைப் போலத் தலையைக் குனிந்து மேயத் தொடங்கியது. பக்கத்தில் நின்றது அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தது. பிறகு இன்னொன்று. சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கரித்தது. கரிசல் காட்டில் தூசி அதிகம்.

நின்றது. அப்படி ஒரு அமைதி. ஆடுகள் புல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும்.

உடனே போன் வந்தது. எடுத்தேன். அவளுக்குப் பின்னால் யார் யாரோ கைதட்டிக் கத்துவது கேட்டது.

"ஆடுங்க எப்படி இருக்குதுங்க?" என்றாள்.

மந்தையை ஓரத்திலிருந்து ஓரம் வரை இன்னொரு தடவை பார்த்தேன்.

"கேக்குதுங்களா? ஆடுங்க..."

"மேயுது" என்றேன். "எல்லாம் மேயுது."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகுதான் நான் கேட்டேன், "எஞ்சின்?"

"முழுசா எரிஞ்சுதுங்க. ஒரு நடுக்கம் இல்ல. நான் அங்க வர்றேன்."

ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினாள். தலையில் பாதுகாப்புத் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தாள். நேராகப் போய் ஆடுகளுக்கு நடுவே நின்றாள். ஒவ்வொன்றின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள், நான் கற்றுக்கொடுத்த மாதிரியே.

"அடுத்து எப்ப தாயி?" என்று பலவேசம் கேட்டார்.

"ஆறு மாசம் ஆகுங்கய்யா. இதைவிடக் கொஞ்சம் பெரிசு."

"நீங்கதான் இருப்பியளா? பெங்களூருக்குப் போயிருவியன்னு டாக்டரய்யா சொன்னாக."

"மத்தவங்க போறாங்க. இங்க சோதனை பாக்க ஒரு ஆள் வேணுமில்லீங்களா. நான் இருக்கறேன்னு போன மாசமே சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எஞ்சின் சரியா எரிஞ்சப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

நான் கால் முறிந்த ஆட்டைப் பார்க்கப் போனேன். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. காலையிலும் பார்த்திருந்தேன். இருந்தாலும் இன்னொரு தடவை குனிந்து நிதானமாகப் பார்த்தேன். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

மார்ச் 16

ஞாயிறு. மணி பதினொன்று ஆகிறது. மேகலா இன்னும் தூங்குகிறாள். எதிர் வீட்டில் மாவு அரைக்கிற மெஷினை ஓட்ட வந்தவரிடம், ஒரு மணி நேரம் கழித்து ஓட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.